இறால் தொட்டியில் பாசி: கொஞ்சம் இருக்கட்டும்

இறால் தொட்டி பச்சையாகிவிட்டது என்று யாராவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். விளக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? சாப்பாடு போடுவது யார்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏனென்றால் பல வீடுகளில் அம்மா கொஞ்சம், பிள்ளை கொஞ்சம், ராத்திரி வேலை முடிந்து வரும் அப்பா கொஞ்சம் என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

என்னுடையது ஓரடிக் கண்ணாடித் தொட்டி. மண்ணும் கல்லும் போக 20 லிட்டரை ஒட்டித்தான் தண்ணீர் நிற்கும். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் நாலறை வீட்டு ஹாலில், சன்னலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. சிவப்பு செர்ரி இறால்கள், காற்றுப் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கட்டை, அதில் கட்டிவிட்ட ஜாவா மாஸ் என்னும் சின்னச் செடி. அவ்வளவுதான்.

விளக்கை முதலில் பார்ப்போம். எல்இடி விளக்கை டைமரில் போட்டு ஆறு மணி நேரம் எரியவிட்டால் இந்த மாதிரி தொட்டிக்குத் தாராளம். நான் சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்கு அணையும்படி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்குப் பகலில் எரியும் விளக்கால் என்ன பிரயோசனம்? பாசிக்குத்தான் லாபம்.

விளக்கைக் குறைத்தும் பாசி அடங்காவிட்டால் வெயிலைப் பாருங்கள். இங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆனால் வெயில் வரும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் இருப்பது பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், 1 டிகிரிக்குக் கொஞ்சம் வடக்கே. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஜூனில் வடக்கே சாய்ந்து போகும். என் சன்னல் வடக்கு பார்த்தது. வருடக் கடைசியில் சொட்டு வெயில் விழாது. மே, ஜூன் வந்தால் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும், அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பச்சையாகும். டிசம்பரில் பார்த்து ‘இங்கே வெயிலே இல்லை’ என்று தொட்டியை வைக்கிறவர்கள், ஜூனில் தண்ணீரைக் குறை சொல்வார்கள். அந்த மாதங்களில் வெயில் படும் பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டிவிடுவேன், முடிந்தது.

சாப்பாட்டு விஷயம் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அதில் என் மாமியார் வருகிறார்.

“பாவம்மா, பச்சப்புள்ளைங்க மாதிரி கையக் கைய வாயில வெச்சிக்கிட்டு இருக்குதுங்க. பசிக்குது போல.”

“பசி இல்ல அத்தை. சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு.”

அவர் சொன்ன காட்சி உண்மைதான். கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். இறால் தன் முன்கால்களின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு இடுக்கியால் கண்ணாடியைச் சுரண்டி, இடது, வலது என்று மாற்றி மாற்றி வாய்க்குக் கொண்டுபோகும். நிறுத்தவே நிறுத்தாது. அது சுரண்டுவது பாசியையும் நுண்ணுயிர்களையும் சேர்த்த வழவழப்பான படலத்தை. அதுதான் அதன் முழுநேரச் சாப்பாடு, நாம் போடுவது மேல்கொசுறு. மேல்கொசுறு மிஞ்சினால் அழுகி அம்மோனியாவாகி, அப்புறம் நைட்ரேட்டாகி, கடைசியில் பாசிக்கே உரமாகப் போய்ச் சேரும்.

அத்தையோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். தேக்கா சந்தையில் கீரை வாங்கும் நாளில், பசலைக்கீரை இலை ஒன்றை நன்றாகக் கழுவி, கொதிநீரில் முக்கி எடுத்து அவர் கையால் போடுவார். காலையில் மிச்சத்தை நான் எடுத்துவிடுவேன். கழுவுவதில் மட்டும் சமரசம் கிடையாது, பூச்சிமருந்து இலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இறால் தாங்காது. மற்றபடி காய்ந்த கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டுவாதுமை இலை, எப்போதும் ஒன்று தொட்டியில் கிடக்கும். அது மெல்ல மக்கும்போது அதன்மேலும் படலம் வளரும். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாவதால் வெளிச்சமும் கொஞ்சம் மட்டுப்படும்.

இதனால்தான் தொட்டியைப் பளபளவென்று துடைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலை. செர்ரி இறால் முட்டையைப் பல வாரம் வயிற்றுக்கடியில் தூக்கிக்கொண்டு திரியும். பொரிந்து வரும் குஞ்சு, பெரிய இறாலின் அதே உருவத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். உணவைத் தேடித் தொட்டியைச் சுற்றும் தெம்பு அதற்கு இல்லை. நிற்கும் இடத்திலேயே சுரண்டித் தின்ன ஏதாவது இருக்கவேண்டும். நான் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன். பின்பக்கமும் ஓரங்களும் அவற்றின் மேய்ச்சல் நிலம்.

சரி, எல்லாப் பாசியையும் விட்டுவைக்க முடியுமா? முடியாது. புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூசு தானாகவே போய்விடும், இறாலும் அதை விரும்பித் தின்னும். கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளியாக ஒட்டுவதை இறால் சீண்டாது. அதற்குக் காலாவதியான ஈஸிலிங்க் பஸ், ரயில் அட்டையைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. முடிமுடியாக நீள்வதைப் பழைய பல்துலக்கியால் சுழற்றிச் சுருட்டி எடுக்கலாம். நீலப்பச்சையாக வழவழவென்று போர்த்திக்கொண்டு நாறுகிற ஒன்று உண்டு, அது பாசியே இல்லை, பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அப்போது காற்றுப் பம்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், செத்து அழுகுவது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

தொல்லை பிடித்தது கறுப்புத் தாடிப் பாசி. அனுபியாஸ் போன்ற செடிகளின் இலை விளிம்பிலும் கட்டையிலும் கொத்துக்கொத்தாக நிற்கும், இழுத்தால் வராது. இலையென்றால் வெட்டிவிடுவேன். கல்லிலோ கட்டையிலோ வந்தால் வெளியே எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாக அலசித் திரும்ப வைப்பேன். நாலைந்து நாளில் அந்தக் கொத்து இளஞ்சிவப்பாக வெளுக்கும். அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத இறால்கள் அப்போது வந்து மொய்க்கும்.

தண்ணீருக்குள் நேராக ஊற்றும் பாசிக்கொல்லிப் பக்கம் நான் போவதே இல்லை. பலவற்றில் தாமிரம் இருக்கும். இறாலின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம் கலந்த புரதத்தால்தான், இருந்தும் தண்ணீரில் அது கொஞ்சம் கூடினால் இறாலுக்கு விஷம். ஒரு கடையில் “இறாலுக்கு ஒன்றும் ஆகாது” என்று நீட்டிய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், பொருள் பட்டியலில் காப்பர் சல்பேட் என்றே அச்சிட்டிருந்தது. சிராங்கூன் நார்த் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டித் தண்ணீரில் கலக்க நான் வாங்கும் ஒரே மருந்து குளோரின் நீக்கி. நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன். ஊரில் செய்வதுபோல வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் அது போகாது. வாளியில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டும்போது அபராதம் வேறு. நீக்கியைக் கலந்து அப்போதே ஊற்றிவிடலாம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். ஒரேயடியாகப் பாதியை மாற்றினால் இறால் தோலுரிக்கும்போது தடுமாறிச் செத்துப்போகவும் கூடும்.

கொசு என்றதும் இன்னொன்று. டெங்கி வந்த பேட்டையில் கொசுப்புகை அடிக்கப்போவதாக லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினால், சன்னலைச் சாத்திவிட்டு அந்த நேரத்துக்கு மட்டும் காற்றுப் பம்பையும் நிறுத்துங்கள். அந்த மருந்து இறாலை அடியோடு அழிக்கும், அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுவது அந்தப் பம்புதான். வீட்டுக்குள் வைக்கும் கொசுவிரட்டியும் அதே ரகம்.

நத்தையைப் பற்றியும் கேட்பார்கள். நெரைட் நத்தை கெட்டிப் பச்சைப் புள்ளியையும் மேயும், நன்னீரில் அதன் குஞ்சு பிழைக்காது என்பதால் பெருகாது. ஆனால் கட்டை முழுக்க எள்ளைத் தூவியதுபோல வெள்ளை முட்டையை ஒட்டிவைக்கும், அது எனக்குப் பிடிக்காது. முடிப்பாசிக்கு அமானோ இறால் கெட்டிக்காரன். சையாமீஸ் பாசிதின்னி மீனை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள், அது அரையடி வளரும். என்னைக் கேட்டால் இவையெல்லாவற்றையும்விட மணிபிளாண்ட் கொடி ஒன்றை ஒடித்து, வேர் மட்டும் தண்ணீரில் முங்கும்படி ஓரத்தில் செருகுங்கள். பாசிக்குப் போகவேண்டிய நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்ளும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாட்களில் விளக்கை நாலு மணி நேரமாகக் குறைத்துவிடுவேன். தொட்டி விளிம்பில் மாட்டிய கிளிப் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், அது தண்ணீரின் சூட்டை இரண்டு மூன்று டிகிரி இறக்கும், தண்ணீரும் அதே வேகத்தில் ஆவியாகும். குறைந்ததை ஈடுகட்ட, காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில்களில் எவ்வளவு ஊற்றவேண்டும் என்று கோடு போட்டு, சாவியை எதிர்வீட்டு அங்கிளிடம் கொடுப்பேன். இறாலுக்கு ஒன்றும் போடவேண்டாம், பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவரும் தலையாட்டுவார். அத்தையைப் போலவே அவரும் இரக்க சுபாவம் உள்ளவர் என்பதால், தீவன டப்பாவை என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் விமான நிலையம் போவது.