அறிக்கையில் அந்த அம்மாவுக்கு இடமில்லை

"உங்க முன்னாடி மாசாமாசம் வந்து கையெழுத்துப் போடுவான், சரி. என் முன்னாடி எப்படி சார் வருவான்?"

தீர்ப்பு முடிந்து நீதிமன்ற வராந்தாவில் இட்லிக் கடை அம்மா, நன்னடத்தை அலுவலரான என்னிடம் கேட்டது. "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்மா" என்றேன். அதைத் தாண்டி என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றும் தெரியவில்லை.

பையனுக்கு வயது 19, முதல் வழக்கு. தள்ளுவண்டியின் சங்கிலியை அறுத்து இரண்டு கேஸ் சிலிண்டர்களைத் தூக்கிப்போய் விற்றுவிட்டான். குடியிருப்பது அந்த அம்மாவுக்கு அடுத்த தெரு. 21 வயது நிரம்பாதவர் என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 6 நீதிமன்றத்தின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. எங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்க்காமல், காரணத்தை எழுதி வைக்காமல், சிறைக்கு அனுப்ப முடியாது. அந்தப் பிரிவை நான் முழுமனதோடு நம்புகிறேன். சிறைக்குள் அவன் யாரோடு சேர்ந்து எப்படி வெளியே வருவான் என்பது எங்கள் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போனேன், அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். திரும்பவும் சேர்த்துக்கொள்கிறேன் என்று மெக்கானிக் கடைக்காரர் சொன்னார். பிரிவு 4ன்படி, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பிணைப்பத்திரத்தில் விடலாம் என்று எழுதினேன். மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார். சட்டப்படி மூன்று ஆண்டுவரை கண்காணிக்கச் சொல்லலாம். இவனுக்கு இரண்டு ஆண்டு.

அந்த அம்மா விடவில்லை. "அவனைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்றார். பிரிவு 7ன்படி அறிக்கை ரகசியம். அதன் சாரத்தை நீதிமன்றம் குற்றம் செய்தவருக்குத் தெரிவிக்கலாம்; புகார்தாரரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. "சொல்லக்கூடாதும்மா" என்றேன். "திருட்டுப் போனது என் சிலிண்டரு. என்கிட்டயே சொல்லக்கூடாதா?"

பிரிவு 5ல் இழப்பீடு உண்டே என்று மனம் உடனே வாதாடுகிறது. சிலிண்டர்கள்தான் கிடைத்துவிட்டனவே என்று யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவை வழக்குச் சொத்தாக, அதாவது வழக்குக்கான சான்றுப் பொருளாக, முடங்கிக் கிடந்தபோது அவர் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் அடுப்பை ஏற்றினார். அந்த வட்டிக் கணக்கை எழுத என் அறிக்கைப் படிவத்தில் இடம் கிடையாது.

1974ல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். அந்த வழக்கில் நன்னடத்தை அலுவலர் ஒருவர்தான், இவர்களை அந்த வீடுகளுக்கே அழைத்துப்போகலாமே என்று யோசனை சொன்னார். வாசல் வாசலாகப் போய் நின்று பேசினார்கள், நஷ்டத்தையும் கட்டினார்கள். நியூசிலாந்து 1989ல் குடும்பக் கூட்டம் என்று சட்டமே போட்டது. இளவயதுக் குற்றவாளியின் குடும்பத்தோடு பாதிக்கப்பட்டவரும் அதில் உட்காரலாம். எல்மைராவில் என்னைப் போன்ற ஒரு அலுவலருக்குத் தோன்றிய யோசனை அது என்பதுதான் உறுத்துகிறது.

நானும் அவனைக் கடைக்கு அழைத்துப் போயிருக்கலாமா? இங்கேதான் தயங்குகிறேன். நம் ஊரில் மன்னிப்புக் கேட்பது என்றால் பல இடங்களில் காலில் விழ வைப்பது. யார் விழ வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். இந்தப் பையனும் அந்த அம்மாவும் ஒரே சாதி இல்லை. நாலு பேர் கூடினால் நான் நினைத்த சந்திப்பு பஞ்சாயத்தாக மாறியிருக்கும். அவமானப்பட்ட பையன் திருந்துவான் என்று நான் நம்பவில்லை. அதனால் செய்யாதது சரிதான் என்று தோன்றும். அப்புறம் அந்த அம்மாவின் குரல் காதில் விழும்போது அந்த உறுதி போய்விடும். யாரும் கூடாமல், இரண்டு பேரை மட்டும் உட்காரவைக்க ஒரு வழி இருந்திருக்காதா?

இரண்டு ஆண்டும் ஒழுங்காக வந்தான். வேலையிலும் நிலைத்தான். பதிவேட்டில் 'திருப்திகரம்' என்று எழுதினேன், மனதாரத்தான் எழுதினேன். இடையிலேயே அந்த அம்மா வண்டியைப் பேருந்து நிலையத்துப் பக்கம் மாற்றிவிட்டார். வியாபாரத்துக்காகவும் இருக்கலாம்.

இப்போதெல்லாம் படிவம் கேட்காவிட்டாலும் புகார்தாரரையும் பார்க்கிறேன். அவர் சொல்வதை 'இதர குறிப்புகள்' பகுதியில் எழுதுகிறேன். அது அறிக்கையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும் என்று ஒரு சக அலுவலர் எச்சரிக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "அந்தப் பேச்சே எங்களுக்கு வேண்டாம் சார், மறக்க விடுங்க" என்றார்கள். அதையும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.