மறுபடியும் ரோக் ஒன் பஞ்சாயத்து

ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் பட வரிசையோட ரசிகர்கள் திரும்பவும் 2016-ல வந்த 'ரோக் ஒன்' படத்தைப் பத்தின சண்டையை ஆரம்பிச்சுட்டாங்க. கிளைப்படங்கள்ல இதுதான் உசத்தின்னு ஒரு கட்சி; கடைசிச் சண்டை மட்டும்தான் படம்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சி பக்கமும் பாதி நியாயம் இருக்கு. முதல் பாதி கிரகம் விட்டுக் கிரகம் தாவுறதுலயே போயிடுது, கதாநாயகி ஜின் எர்ஸோ மேல ஒட்டுதலே வரல. (அந்த ரோபோ மேல வந்துடுச்சு, அது வேற விஷயம்.)

ஆனா 1977-ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துல, கிரகத்தையே அழிக்கிற அவ்வளவு பெரிய விண்வெளிக் கோட்டையான டெத் ஸ்டார் ஒரு சின்னத் துவாரத்தால வெடிச்சதே, அந்த பலவீனத்தை ஜின்னோட அப்பா கேலன் வேணும்னேதான் வெச்சார்னு 2016-ல காரணம் சொன்னாங்க பாருங்க, அது கெட்டிக்காரத்தனம்.

அந்த 1977 படத்துல வில்லன் டார்கினா நடிச்சு, 1994-ல இறந்துபோன நடிகர் பீட்டர் குஷிங்கை கம்ப்யூட்டர்ல எழுப்பிக் கொண்டுவந்ததுதான் எனக்கு இன்னும் ஒப்பல. கண்ணு ரெண்டும் பொம்மைக் கண்ணு மாதிரியே இருக்கு. கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் கடைசில வந்து மிரட்டுற காரிடார் சீனைக் காட்டி இதை மறக்கடிக்கப் பாக்காதீங்கப்பா!