கொல்லங்குடிக்கு ஆத்தாவைக் கூட்டிப்போன ஆடி வெள்ளி

நேர்த்திக்கடன் என் ஆத்தாவுடையது. பேரனுக்குக் கல்யாணம் ஆனால் பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரையும் கொல்லங்குடி வெட்டுடையார் காளி முன்னால் கொண்டுவந்து நிறுத்தி மாவிளக்கு வைக்கிறேன் என்று நாலு வருஷத்துக்கு முன்பே வேண்டிக்கொண்டாள். காளி கேட்டதைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த விதம்தான் எங்கள் யாருக்கும் எதிர்பாராதது.

என் மருமகள் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா ஒடிசாவில் கஞ்சம் ஜில்லாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பெங்களூரில் என் மகனும் அவளும் ஒரே அலுவலகம். கொங்குத் தமிழில் 'ஏனுங்க மாமா' என்று அவள் கூப்பிட்ட முதல் நாளே என் மனைவி சமாதானமாகிவிட்டாள். ஆனால் தேவகோட்டை வீட்டில் விஷயம் அப்படியில்லை. நாங்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். எங்கள் குலக்கோயிலான நகரக்கோயிலிலிருந்து மாலை வராத கல்யாணம் இது. எங்களில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, அரண்மனை மாதிரி வீடு கட்டினவரும் ஒரு புள்ளிதான், பெட்டிக்கடை வைத்திருப்பவரும் ஒரு புள்ளிதான். மாலை வந்தால்தான் அது கணக்கில் ஏறும். சொந்தத்தில் ஒரு பெரியவர், பெயர் வேண்டாம், ஒரு சாந்திக் கல்யாண வீட்டில் அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் ஆத்தாவைப் பார்த்து, "ஆச்சி, உங்க வளவுல ஒரு புள்ளி போச்சே" என்று சொல்லிவிட்டார். ஆத்தா பாதி இலையில் எழுந்துவிட்டாள்.

அவளுக்கு 84 வயது. ராத்திரி படுக்கும்முன் எங்கள் வளவின், அதாவது ஒரே வீட்டுப் பங்காளிகளின், புள்ளிகளை விரல்விட்டு எண்ணுவது அவளுக்கு ஜபம் மாதிரி. பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, வீட்டில் மூன்று, சின்ன அப்பச்சி வீட்டில் இரண்டு, நானும் தம்பியும் இரண்டு. ஏழு. ஏழு விரலை மடக்கி, முருகா என்று சொல்லிவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பாள். இத்தனைக்கும் இந்த ஏழு புள்ளியில் ஒன்றுகூட இப்போது தேவகோட்டையில் இல்லை. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், டெக்சாஸ். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஆள் இருப்பது ஆத்தாவும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும்.

அன்றைக்கு விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் தானே பிசைந்தாள். மருமகள் உதவிக்குப் போனதற்கு, "நீ நெய்யை மட்டும் காய்ச்சு" என்றாள். கிளம்பும்போது கவனித்தேன், முந்தானை முடிச்சில் ஏதோ கனமாக இருந்தது. ஐயா பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்து வெள்ளி ரூபாய், ஜார்ஜ் ராஜா தலை போட்டது. எனக்குத் திக்கென்றது. அநியாயம் நடந்தவர்கள் கொல்லங்குடிக்குப் போய்க் காசு வெட்டிப் போடுவார்கள், காளி கேட்பாள். ஆத்தா யார் மேல் போடப் போகிறாள்? அந்தப் பெரியவர் மேலா, இல்லை இந்தப் பெண் மேலா? வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. வழியெல்லாம் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதலில் காளையார்கோவில். சொர்ணகாளீஸ்வரரைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போனால் ஆத்தா ஒத்துக்கொள்ள மாட்டாள். காளீஸ்வரர், சோமேஸ்வரர், சுந்தரேஸ்வரர் என்று மூன்று சன்னதியையும் சுற்றி வருவதற்குள் அவள் முட்டி வீங்கிவிட்டது. டிரைவர் தம்பி அந்த ஊர்ப் பக்கத்துக்காரர். ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து மருமகளிடம் சொல்ல ஆரம்பித்தார், இந்தப் பெரிய கோபுரம் மருது பாண்டியர் கட்டினது, மானாமதுரையில் சுட்ட செங்கலை வண்டியில் ஏற்றாமல் அங்கிருந்து இங்கே வரைக்கும் சனங்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றியே கொண்டுவந்தார்கள், அப்புறம் இந்தக் கோபுரத்தைப் பீரங்கி வைத்து இடிப்போம் என்று வெள்ளைக்காரன் சொன்னதும் கோபுரம் நிற்கட்டும் என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்களையே கொடுத்துவிட்டார்கள் என்று. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். தலைகள் இங்கே கோயிலுக்கு எதிரில்தான் அடக்கம் என்பார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் குருபூஜைக்கு எல்லாக் கட்சித் தலைவர்களும் மாலையோடு வருவார்கள், ஊரே போலீஸ் மயமாக இருக்கும். அதனால்தான் ஆடியிலேயே முடித்துவிடுவோம் என்று நாங்கள் கிளம்பியது.

இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எங்கள் சீமையில் ஒருவன் தலைவனாக நிற்க வேண்டுமென்றால் அவன் என்ன படித்தான், என்ன திட்டம் வைத்திருக்கிறான் என்பதெல்லாம் பிறகுதான். இவன் நமக்காகத் தலையைக் கொடுப்பானா என்றுதான் சனம் பார்க்கும். கோபுரத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கதையைக் கேட்டே வளர்ந்த சனம் வேறு எப்படிப் பார்க்கும்? 2024இல் ஆரம்பித்த புதுக் கட்சிகூட வேலுநாச்சியாரைத் தன் கொள்கைத் தலைவர்களில் ஒருவராக வைத்தது. 1772இல் இதே காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, திண்டுக்கல் விருப்பாச்சிப் பக்கம் போய் எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தவர். அவர் பெயரைச் சொன்னால் இந்த மண்ணில் பெண்கள் நின்று கேட்பார்கள் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

சரி, கொல்லங்குடிக்கு வருகிறேன். காரை விட்டு இறங்கவில்லை, அதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். 'எலுமிச்சம்பழ மாலை வாங்குங்க', 'காசு வெட்டணுமா, நான் பார்த்துக்கறேன்', 'வயசானவங்க இருக்காங்க, ஐந்நூறு கொடுங்க, நேரா உள்ளே விட்டுடறேன்'. கும்பிட வந்த இடத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதிலும் ஒருவன் மருமகள் கையிலிருந்த மாவிளக்குத் தட்டையே பிடுங்கப் பார்த்தான். ஆத்தா ஒரு அதட்டல் போட்டாள், அத்தனை பேரும் ஒதுங்கினார்கள்.

வரிசை வெளியே வெயிலில் நின்றது. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிறது, மாவிளக்குத் திரி அணைந்து போகாமல் இருக்க மருமகள் துப்பட்டாவால் தட்டை மூடிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றாள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு பாட்டி, கமுதிப் பக்கமாம், உடையாள் கதையை அவளுக்குச் சொன்னார். வேலுநாச்சியார் எந்தப் பக்கம் போனார் என்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பொட்டலில் வைத்துத்தான் அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றாள். வெட்டிப் போட்டார்கள். ராணி திரும்பி வந்ததும் முதல் வேலையாக இங்கே வந்து, அவளுக்கு நடுகல் நட்டு, தன் தாலியையே காணிக்கையாக வைத்தார். பூமியை வெட்டும்போது கிடைத்த அய்யனார், அதனால்தான் வெட்டுடையார் என்று இன்னொரு கதையும் உண்டு. ஆனால் வரிசையில் நிற்கும் பெண்கள் சொல்வது உடையாள் கதையைத்தான்.

"அவங்க என்ன ஆளுங்க?" என்று மருமகள் கேட்டாள். அவள் என்ன நினைத்துக் கேட்டாளோ. பாட்டி சொன்னார்: "யாரு கண்டா தாயி. எங்க பொண்ணுன்னு பத்துப் பேரு சொல்லுவாக. அவ சாகையில யாருமே பக்கத்துல இல்ல."

ஆத்தாவுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நூறு பேராவது இருப்பார்கள். பூக்கடையிலிருந்து யாரோ ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அது வரிசையில் தலைக்கு மேலே ஒவ்வொரு கையாக மாறி எங்களிடம் வந்தது. ஆத்தா உட்கார்ந்தாள். வரிசை நகர்ந்தபோது முன்பின் தெரியாத நாலு பையன்கள் நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். ஒருவன் முதுகில் கட்சிக் கொடி அச்சடித்த பனியன், இன்னொருவன் கழுத்தில் சிலுவை. சன்னதி வாசல் வரைக்கும் கீழேயே வைக்கவில்லை. வழிவிடுங்கப்பா, ஆத்தா வருதுங்க என்று ஒருவன் கத்த, அத்தனை கூட்டமும் ஒதுங்கியது. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

உள்ளே போனோம். காளியின் முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி ஒரு அலங்காரம், மஞ்சள் காப்பில் அந்தக் கண் இரண்டும் நேராக மருமகளைத்தான் பார்த்தன, சத்தியமாகச் சொல்கிறேன். பூசாரி குலம் கோத்திரம் எதுவும் கேட்கவில்லை. பேர் என்னம்மா என்றார். சொன்னாள். எந்த ஊரு என்றார். அவள் ஒரு கணம் தயங்கி ஆத்தாவைப் பார்த்தாள். திருப்பூர் என்பாளா, கஞ்சம் என்பாளா, பெங்களூர் என்பாளா என்று நானும் பார்த்தேன். ஆத்தா நாற்காலியில் இருந்தபடியே, "தேவகோட்டை" என்றாள், உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெள்ளி ரூபாயை எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, "ராணி தாலியைக் கொடுத்தாக. என்கிட்ட இதுதான் இருக்கு. உன் கையால போடு ஆத்தா" என்றாள். அவளையும் ஆத்தா என்றுதான் கூப்பிட்டாள். உண்டியலில் அது விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாயே, வெட்டுடையாளே, அம்மா, நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தேனே, என்னை மன்னித்துவிடு என்று விழுந்து கும்பிட்டேன். என்ன அர்ச்சனை நடந்தது, எப்போது தீபாராதனை காட்டினார்கள், எதுவும் நினைவில்லை.

வெளியே மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். தொகுதி மறுவரையறை வரப் போகிறது, 1967 முதல் நமக்கு 39 எம்.பி., 1971 ஜனத்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த நமக்கு வடக்கே பெருகினவர்களால் பங்கு குறையுமாம் என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு, நியாயமானதுதான். ஆனால் அதே மூச்சில், "இங்கேயும் எங்க பார்த்தாலும் வடக்கனுங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தயிர்சாதம் வைத்துக்கொண்டிருந்தது என் மருமகள்.

ஆத்தா சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பர்மாவுல எங்களையும் அப்படித்தான் சொன்னாக. வட்டிக்கு விட்டு நெல்லுக் காடெல்லாம் எங்க கைக்கு வந்துருச்சுன்னு கோவம். கோவத்துல நியாயமும் இருந்துச்சு. 42ல சப்பான்காரன் குண்டு போட்டப்ப எங்க ஐயா நடந்தே வந்தாக." லோயர் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால்வாசி நிலம் 1938 வாக்கில் செட்டிமார் கையில் இருந்தது என்பது எனக்கும் தெரியும். பொருளாதார மந்தம் வந்து, கடன் திரும்பாமல், நிலமாக வந்து சேர்ந்தது. ஆத்தா நிறுத்தவில்லை. "அதுக்கும் முந்தி, காவிரிப்பூம்பட்டினத்துல எங்க பொம்பளையாளுக அத்தனை பேரும் செத்து, 1502 பயலுகதான் மிஞ்சினாகன்னு சொல்லுவாக. பொண்ணு எங்கேருந்து வந்துச்சு? வேளாளர் வீட்டுப் பொண்ணுகளைக் கட்டித்தானே இந்த வம்சமே வந்துச்சு. மொதப் புள்ளியே வெளிப் பொண்ணுதான்."

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இன்னும் கொஞ்சம் ஊறுகாய் இருக்குமாம்மா என்று மருமகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். சோழநாட்டைவிட்டுப் பாண்டிய நாட்டுக்கு வந்தோம், இளையாத்தங்குடியில் கால் ஊன்றினோம், 96 ஊராகப் பரவினோம் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பெண்கள் யார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கண்டதேவியில் யார் வடம் தொடலாம் என்ற சண்டையில் பல வருஷம் தேரே ஓடாமல் நின்றது, 2024 ஆனியில்தான் போலீஸ் பாதுகாப்போடு எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். அன்றைக்கும் ஆத்தா வாசலில் உட்கார்ந்து, தேர் நிலைக்கு வந்துருச்சா, தேர் நிலைக்கு வந்துருச்சா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு அது வெறும் பக்தியாகத்தான் பட்டது.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. மருமகள் ஆத்தாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். விளக்கைக் குறைத்துவிட்டு நான் வளவுத் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். பட்டாலையில் ஆத்தா விரலை மடக்கும் முணுமுணுப்புக் கேட்டது. பெரியப்பச்சி வீட்டில் மூன்று. சின்ன அப்பச்சி வீட்டில் இரண்டு. நானும் தம்பியும் இரண்டு. முருகா என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். ஆத்தா இன்னும் ஒரு விரலை மடக்கினாள்.