அப்பத்தா நேர்ந்தது, பேரன் தலை கொடுத்தது: அழகர்மலைக்கு மூன்று தலைமுறையாகப் போகிறவர்களுக்கு

முதலில் மலை, அப்புறம்தான் கீழே. அழகர்கோயிலுக்குக் கைக்குழந்தையிலிருந்து அப்பத்தா வரை ஒரே வேனில் கிளம்புகிற குடும்பம் இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. பாதிப் பேர் மாற்றித்தான் செய்கிறார்கள். இறங்கியதும் பெருமாளைச் சேவித்து, நிதானமாக இட்லி சாப்பிட்டு, பதினோரு மணிக்கு மலை ஏறுகிறார்கள். மலை மேலே ராக்காயி அம்மன் படியில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். கீழே வந்தால் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் கல் கொதிக்கும். மொட்டை போட்ட பிள்ளைக்கு அன்று ராத்திரியே காய்ச்சல். "சாமி குத்தம்" என்று அம்மாச்சி ஆரம்பிப்பார். சாமி மேல் என்ன குத்தம்? கிளம்பிய நேரம்தான் குத்தம்.

மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று அழகர் சித்திரையில் வருகிற வழியிலேயே நாம் எதிர்த்திசையில் போகிறோம். பெரியார், மாட்டுத்தாவணி இரண்டிலிருந்தும் டவுன் பஸ் உண்டு. ஆனால் பொங்கல் பானை, விறகு, மாமன் சீர்த் தட்டு என்று இருந்தால் பஸ் சரிப்படாது; வேன்தான். காலை ஐந்தரைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்றால் ஓட்டுநரிடம் ஐந்து என்று சொல்லுங்கள், உறவுக்காரர்களிடம் நாலரை என்று சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோதோ, மகளுக்குக் குழந்தை தங்காமல் இருந்தபோதோ, அப்பத்தா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார் இல்லையா, அந்த முடிச்சு. பானை வரும், பந்தல் சாமான் வரும், இது மட்டும் வீட்டிலேயே கிடக்கும். முந்தின ராத்திரியே அதை அப்பத்தாவின் சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள்.

விரதம் என்று வெறும் வயிற்றோடு வருகிற பெரியவர்களில் சர்க்கரைக்காரர் இருந்தால், சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட விடாதீர்கள். படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவதற்கு முக்காலும் அதுதான் காரணம். அழகர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். தூக்குச்சட்டியில் நாலு இட்லி எடுத்துப் போங்கள்.

வந்து இறங்கியதும், மலை ஏறும் முன், முதல் வேலை முடியிறக்குவது. 2021லிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு மட்டும் வாங்க வேண்டும். "பிளேடுக் காசு", "சந்தனக் காசு" என்று எந்த ஊர்க் கோயிலிலும் யாராவது கை நீட்டத்தான் செய்வார்கள். மனசாரக் கொடுப்பது வேறு, மிரட்டலுக்குக் கொடுப்பது வேறு. புது பிளேடைக் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். குழந்தை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய்த் தலையை ஐந்து நிமிடமாவது ஊற ஊறத் தேய்த்துவிட வேண்டும். காய்ந்த முடியில் கத்தி இழுக்கும், வெட்டுப்படும். பெரும்பாலான ரத்தக்கீறல் இப்படித்தான் வருகிறது. ஒன்றரை வயசு வரை உச்சிக்குழி சரியாக மூடாமல் இருக்கலாம். அந்த இடத்தில் கையழுத்தம் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து உட்கார வைத்தால் பாதி அழுகை குறையும். கொடுத்த உடனே உட்கார வைத்தால் மாமன் வேட்டியில் கக்கிவிடும்.

மாமன் என்றதும் நினைவு வருகிறது. இரண்டு தாய்மாமன் இருக்கிற வீட்டில் யார் மடி என்று மலையடிவாரத்தில் வைத்துப் பேசக் கூடாது. மொட்டைக்கு மூத்தவர் மடி, காதுகுத்துக்கு இளையவர் மடி என்று பத்திரிகை அடிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். சந்தனம் கட்டையில் அரைத்ததாக இருக்கட்டும். கடையில் மஞ்சள் பொடி மாதிரி விற்கிறதைக் கரைத்துப் பூசினால் வழித்த தலை எரியும், பிள்ளை மதியம் வரை நிறுத்தாது.

மொட்டை முடிந்த கையோடு மலை. பழமுதிர்சோலை வரை நாலு கிலோமீட்டர் ஏற்றம், வண்டி போகும். குரங்குகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாரும் வாழைப்பழத்தை ஒளித்துவிட்டுக் கண்ணாடியை மறந்துவிடுகிறார்கள். தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். கேரி பேக் சரசரக்கிற சத்தம் கேட்டாலே குரங்கு வந்துவிடும், துணிப்பை போதும்.

நூபுர கங்கைக்கு முருகன் கோயிலுக்கும் மேலே படி ஏற வேண்டும். திருவிக்கிரமனாய் ஓங்கி நின்றவனின் காற்சிலம்பில் பட்டுத் தெறித்த தீர்த்தம் இது, காவலுக்கு ராக்காயி. அபரஞ்சித் தங்கத்தில் இருக்கிற கள்ளழகருக்கு இந்தத் தண்ணீரில் மட்டும்தான் திருமஞ்சனம், வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். ஐப்பசியில் தொட்டித் திருமஞ்சனத்துக்கு அவரே மலையேறி வந்துவிடுகிறார். அவர் குளிக்கிற தண்ணீர் நம் தலையிலும் விழுகிறது, யோசித்துப் பார்த்தால் சிலிர்க்கும். ஆனால் மொட்டைத் தலையோடு இருக்கிற குழந்தையை நேராக அந்தக் குளிர்ந்த தாரைக்குக் கீழே நீட்டாதீர்கள். மூச்சுத் திணறிப் பயந்துவிடும். பெரியவர் ஒருவர் உள்ளங்கையில் ஏந்தி மூன்று முறை தெளித்தால் போதும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள்; நல்ல காலை முன்னால் விட வேண்டாம். வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலில் பாரத்தைத் தாங்கி இறங்க வேண்டும். ஈரப் பாதத்தோடு கல்லில் கால் வழுக்கும். சாக்ஸ் போட்டால் அதைவிட மோசம்.

அதற்கும் முடியாதவர்கள் மேலே ஏறவே வேண்டாம். கீழேயே பொங்கல் பானைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காரட்டும். பேரன்மாரில் ஒருவன் ஐந்து லிட்டர் கேனில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வருவான். அதை அப்பத்தா தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை என்று அவன் ஊற்றும்போது பாருங்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிழவி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அதே படியை ஏறி, தலையில் குடத்தோடு இறங்கியிருப்பாள். கண்ணை மூடி "ராக்காயி, ராக்காயி" என்று முனகுவாள். தண்ணீர் தாடையில் வழிந்து சேலையில் சொட்டும். துடைக்க விட மாட்டாள்.

முருகனிடம் நேரம் கொடுங்கள். வள்ளி தெய்வானையோடு நிற்கிறான். தரிசனம் முடிந்ததும் பிள்ளைகள் நாவல் மரம் எங்கே என்று பிய்த்துவிடுவார்கள். சுட்ட பழமா சுடாத பழமா என்று ஔவையை மடக்கிய கதையைச் சொல்லத் தாத்தாவுக்கு விட்டுவிடுங்கள், அது அவர் பங்கு. செல்போனில் காட்டிவிடாதீர்கள்.

பத்தரைக்குள் கீழே வந்துவிட்டால் பெருமாளை அவசரமில்லாமல் சேவிக்கலாம். மூலவர் பரமசாமி, ஸ்ரீதேவி பூதேவியோடு நின்ற கோலம். தாயார் சந்நிதி. வலம் வரும்போது ஜுவாலா நரசிம்மருக்கு மேலே கூரையில் திறப்பு விட்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர் உக்கிரம் வெளியே போக வழி. விடுமுறை நாளிலும் ஆடியிலும் கூட்டம் தள்ளித்தான் விடும். அர்ச்சனைத் தட்டைக் கையில் திணிப்பவர், "நேரா உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்பவர், செருப்புக்குக் காசு, குறி சொல்கிறேன் என்று மருமகளின் கையைப் பிடிப்பவர் என்று ஆளாளுக்கு மறிப்பார்கள். யாருக்கும் பதில் சொல்ல நிற்காமல் நடப்பதுதான் வழி. நின்று "வேண்டாங்க" என்று சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் பிரசாதக் கடையில் சம்பா தோசை வாங்குங்கள். தோல் உளுந்து, மிளகு, சீரகம், நெய் என்று கனமாக இருக்கும். வீட்டுத் தோசை என்று நினைத்துப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்தால் வயிறு நின்றுவிடும். ஒன்றை நாலாகப் பிட்டுக் கொடுங்கள்.

இப்போது பொங்கல். இருபத்தைந்து பேர் என்றால் பச்சரிசி ஒரு கிலோ, வறுத்த பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றே முக்கால் கிலோ, நெய் கால் கிலோவுக்குக் குறையாமல், பால் ஒரு லிட்டர். இதற்குப் பத்து லிட்டர் பிடிக்கிற பானை போதும். கல்யாண வீட்டுத் தவலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "பொங்கவே மாட்டேங்குது" என்று கும்பிடுவதில் பயனில்லை. தண்ணீரும் பாலும் கழுத்தளவு நின்றால்தான் வழியும். பொங்கி வழிந்ததும் நாலைந்து செம்பு தண்ணீரை மொண்டு தனியே வைத்துக்கொண்டு, அப்புறம் அரிசி பருப்பைப் போட வேண்டும். வேக வேக அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றலாம். அடுப்பு வாய் காற்று வருகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். அரிசி நன்றாகக் குழைவதற்கு முன் வெல்லம் போட்டால் அதற்கப்புறம் வேகவே வேகாது, நறுக்கு நறுக்கென்று கடிபடும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிவிடுங்கள். வடிகட்டியின் அடியில் தங்குகிற மண்ணைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

கிளறுகிற நேரத்தில் பெரியவர்கள் ஆண்டாள் கதையை எடுப்பார்கள். இந்த அழகருக்குத்தான் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். அவளால் செலுத்த முடியவில்லை. பல தலைமுறை கழித்து இராமானுசர் வந்து அந்தக் கடனைத் தீர்த்தார், சீவில்லிபுத்தூர் போனபோது அவரை "அண்ணா" என்று அழைத்தாள் என்பார்கள். அப்பத்தா நேர்ந்ததைப் பேரன் காலத்தில் செலுத்துவது இந்த மலைக்குப் புதுசு கிடையாது.

காதுகுத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மொட்டைக்கு முன்னால் குத்தினால் வழிக்கிற முடித்துணுக்கு புண்ணில் ஒட்டிச் சீழ் வைக்கும். குளித்து, சட்டை மாற்றி, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிள்ளைக்குத்தான் குத்த வேண்டும். அழத் தொடங்கும் முன்பே, முகம் நேராக இருக்கும்போது, ஆசாரி இரண்டு காதிலும் புள்ளி வைத்துவிடட்டும். முதல் காது குத்தியதும் தலையை உதறும், இரண்டாவது கோணலாவது அங்கேதான். துண்டால் இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றி, மாமன் ஒரு உள்ளங்கையை நெற்றியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளையம் தங்கமாக, மெல்லிசாக, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். காது வீங்கும்போது இறுக்கமான வளையம் சதைக்குள் புதைந்துவிடும். கவரிங் வேண்டவே வேண்டாம்.

கிடாய் வெட்டு இருக்கிற குடும்பம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை, பெருமாள், கருப்பன் எல்லாம் முடிந்த பிறகே கறிச்சோறு. கை நனைத்த பிறகு யாரும் உள்ளே போகக் கூடாது, தாமதமாக வந்த சம்பந்தி வீட்டுக்காரர்கள் உட்பட.

பொங்கலை எடுத்துக்கொண்டு பதினெட்டாம்படியான் முன்னால் வருகிறோம். உருவம் கிடையாது. மூடிய கதவுதான் சாமி. அழகரைக் கொள்ளையிட வந்த பதினெட்டுப் பேரும் அந்தப் படிகளுக்குக் கீழே; அவர்களோடு கூட வந்த கருப்பன் அழகரைப் பார்த்து மயங்கிக் காவலாகவே நின்றுவிட்டான். ராத்திரி கோயில் சாவி அவனிடம், அழகர் மதுரைக்குக் கிளம்பும் முன் நகைக் கணக்கு அவனிடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கதவு முழுக்கச் சந்தனம் அப்பி, காய்ந்து, வெடித்து, அதன்மேல் புதுச் சந்தனம். நிலைமாலை கனத்துத் தொங்கும். பன்னீர், கற்பூரம், மருக்கொழுந்து வாசம். ஆள் உயரத்துக்கும் மேலே அரிவாள்கள் நிற்கும். இத்தனை நேரம் "என்னைத் தூக்கு" என்று அழுத பிள்ளை அங்கே வாயடைத்துப் பார்க்கும்.

அப்பத்தா சுருக்குப் பையை அவிழ்ப்பாள். முடிச்சு இறுகியிருக்கும், பல்லால் கடித்துத்தான் பிரிப்பாள். மஞ்சள் வெளிறி, ரூபாய் கறுத்திருக்கும். அதை உண்டியலில் போடும் முன் பிள்ளையின் சந்தனத் தலையை ஒரு சுற்று சுற்றுவாள். "கேட்டேன், குடுத்த. கொண்டாந்துட்டேன், பாத்துக்க." இதற்கு மேல் ஒரு மந்திரமும் தெரியாது அவளுக்கு. பின்னால் நிற்கிற மகன், மருமகள், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை நினைத்து ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்பார்கள்.

வண்டி நிறுத்துகிற இடம், மண்டப வாடகை, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் இன்னும் எழுத வேண்டியது. அந்தக் கதவை நினைத்த பிறகு ஒன்றும் ஓடவில்லை. கருப்பா, கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்தாயே. தள்ளாத கிழவியைத் தூக்கிவந்தாவது உன் வாசலில் நிறுத்திவிட்டாயே, ஐயா.