ராயக்கோட்டை முதல் ஒகேனக்கல் வரை: நடந்து போகும் பறவைகளின் தடம்

ராயக்கோட்டையில் கிளம்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அருவிதான் குறி. கௌதாரிக்கும் காடைக்கும் வருகிறவர்கள் வழிநெடுக வேலிகளைப் பார்க்க வேண்டும். கிளுவையா, கள்ளியா, கம்பிவலையா, அடியில் சந்து இருக்கிறதா என்று.

கௌதாரி, காடை, சுண்டங்கோழி, காட்டுக்கோழி எதுவும் பறக்கத் தெரியாததல்ல. விரட்டினால் விருட்டென்று கிளம்பும், தாழப் பறந்து அடுத்த புதரில் விழுந்துவிடும். மற்ற நேரமெல்லாம் நடைதான். குஞ்சுகள் பொரித்த கையோடு தாய் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும், பறக்கத்தான் நாளாகும். பெரிய பறவை தாண்டும் சாலையும் தோப்பும் அந்த நாட்களில் குஞ்சுக்குச் சுவர். ஒரு கரட்டுக்கும் அடுத்த கரட்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதைக் குஞ்சை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ராயக்கோட்டைப் பக்கம் பாறைக் கரடுகள், நடுவில் மாந்தோப்புகள், அங்கங்கே கருங்கல் குவாரி. பாறை இடுக்கு, முட்புதர், சருகு மூன்றும் சேர்ந்த இடம்தான் சுண்டங்கோழிக்கு வேண்டும். சுத்தமாக உழுது வைத்த மாந்தோப்பு மேலே பச்சை, கீழே பாலை. தோப்பின் ஓரத்தில் கிளுவை வேலியும் அதன் அடியில் நாலடி அகலத்துக்குப் புல்லும் இருந்தால் கௌதாரி அதையே பாதையாக்கிக்கொள்ளும். வேலியை வெட்டிக் கம்பிவலை போட்டால் காடை வலையை ஒட்டியே மூலைவரை ஓடும். நாயும் கீரியும் காத்திருப்பது அந்த மூலையில்தான்.

வலையின் அடியைத் தூக்கிக் கட்டச் சொன்னால் காட்டுப்பன்றி நுழையும் என்பார்கள். நியாயம்தான். எட்டு அங்குலக் குழாய்த் துண்டுகளை வலைக்கு அடியில் அங்கங்கே பதிக்கலாம். வளர்ந்த பன்றி நுழையாது, காடை நுழையும். இரண்டு வாயிலும் புதர் இல்லாவிட்டால் எதுவும் உள்ளே போகாது. இன்னொரு சிக்கல், கண்ணி வைப்பவர்களும் இதே சந்துகளைத்தான் தேடுவார்கள். தரையை ஒட்டி நைலான் சுருக்கு தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

காடைக் கூட்டம் இரவில் தலைகளை வெளிப்பக்கம் வைத்து வட்டமாகத் தரையில் படுக்கும். மிதிக்கிற தூரம்வரை அசையாது, பிறகு திசைக்கொன்றாகச் சிதறும். சிதறியவை சீழ்க்கையால் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி கூடும். பாதிக் கூட்டம் வலைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டால், குரல் கேட்டும் நடந்து சேர வழி இருக்காது. அதனால் பொழுது சாயும் நேரத்தில் படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். கூடுவதற்குள் இருட்டிவிடும்.

அஞ்செட்டியைச் சுற்றி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். யானை நடமாட்டம் உண்டு, வண்டியைவிட்டு இறங்க வேண்டாம். காட்டுக்கோழி விடியற்காலையில் சாலையோரச் சாணத்தைக் கிளற வரும். பெட்டை தாண்டிவிட்டது என்று உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள், குஞ்சுகள் பின்னால்தான் வரும்.

எது எங்கே நடக்கிறது என்று அறிய, உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு பட்டா நிலத்தில் தடப்பட்டை போடலாம். சந்துக்கு எதிரே ஒன்றரை அடி அகலத்தில் கல் பொறுக்கி, சலித்த மண்ணை விரல் கனத்துக்குப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட வேண்டும். மாலையில் போட்டு, ஆடு வருவதற்குள் காலையில் பாருங்கள். மண் பருபருவென்று இருந்தாலோ காற்று அடித்தாலோ விரல் பதியாது. பின்விரல் பதிந்தால் காட்டுக்கோழி, கௌதாரி வகை. முன்விரல் மூன்று மட்டும் என்றால் பெரும்பாலும் ஆள்காட்டிப் பறவை. தானியங்கி கேமராவை முழங்காலுக்கும் கீழே, ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். மான் உயரத்தில் கட்டினால் காடை படத்தில் விழாது.

1986இல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் மீண்டும் கண்டறியப்பட்ட, தரையில் ஓடித் திரியும் ஜெர்டான் கல்குருவியையும் இப்படி மண்பட்டை, கேமரா வைத்துத்தான் தேடினார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தப் பறவையின் தடங்கள், எக்டேருக்கு 300 முதல் 700 பெரிய புதர்கள் இருந்த இடங்களில்தான் அதிகம். புதரை வழித்தாலும் கெடுதல், உண்ணிச்செடி அடைத்துக்கொண்டாலும் கெடுதல். நம் கௌதாரியும் காடையும், எந்த உயிருக்கு அழியும் ஆபத்து என்று சொல்லும் உலக சிவப்புப் பட்டியலில் கவலை இல்லாத வரிசையில் இருக்கின்றன. கிளுவை வேலி போவது அந்தப் பட்டியலுக்கு எங்கே தெரியும்?

நாட்றாம்பாளையம் தாண்டினால் மானாவாரிக் காடுகளில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை வெறுந்தரைக் குழியில் நாலு முட்டை இடும். கோடை உழவும் அப்போதுதான். முட்டையைக் கண்டால் பக்கத்தில் நிற்காதீர்கள், காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். குழியிலிருந்து பத்தடி தள்ளி இரு பக்கமும் குச்சி நட்டு, நடுவில் ஏர் விட வேண்டாம் என்று டிராக்டர்காரரிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.