மாட்டுக்குப் போட்ட பிரேக்

லொறிகளில் பூட்டிய கமெராவின் முதல் மாத அறிக்கையில் உச்சியில் நின்றது எங்களிடம் உள்ள மூத்த சாரதியின் பெயர். கடும் பிரேக் 23 தடவை. நான் யோசிக்கவேயில்லை. அந்த மாத ஊக்கப்படியை வெட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பரந்தனில் இருந்து சாமான் ஏற்றும் லொறிகள் எங்களுடையவை. கமெரா பூட்டி அப்போது ஒரு மாதம்தான். அவர் சண்டைக்கு வரவில்லை. "தம்பி, அந்த வீடியோவைப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் எண்ணைத்தான் பார்த்திருந்தேன்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். லொறி சடுதியாக வேகம் குறைந்தால் அதற்கு முன் பத்து விநாடியையும் பின் பத்து விநாடியையும் கருவி அலாரம் அடித்துச் சேமித்து வைக்கும். மாங்குளம் - ஒட்டுசுட்டான் வீதி, இரவு இரண்டு மணி. எதிரே ஒரு டிப்பர். இவர் லைட்டைத் தாழ்த்துகிறார். டிப்பர் கடந்ததும் தார் றோட்டில் கறுப்பாக ஒரு மேடு; பிறகு அந்த மேட்டுக்கு இரண்டு கண். கட்டாக்காலி மாடுகள், ஐந்தாறு, அசைபோட்டபடி படுத்திருக்கின்றன. லொறி நின்றபோது பம்பருக்கும் மாட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். ஹோன் அடித்தும் ஒன்றும் எழும்பவில்லை. அவர் கதவைத் திறக்கும் சத்தத்தோடு வீடியோ முடிகிறது.

"மாட்டுக்காரனுக்கு ஆர் தம்பி அலாரம் அடிக்கிறது?" என்றார்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கருவியில் அலாரத்துக்கான எல்லை 0.4 ஜி, அதாவது புவியீர்ப்பின் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு வேகம் குறைவது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் லொறி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. அந்த எல்லையளவுக்குப் பிரேக் பிடித்தாலும் நிற்க 35 மீற்றர் வேண்டும். கால் பிரேக்குக்குப் போகிற ஒரு விநாடியையும் சேர்த்தால் 50ஐத் தாண்டும். தாழ்த்திய லைட்டில் கறுத்த மாடு அவ்வளவு தூரத்தில் தெரியுமா? அந்த இடத்தில் அலாரம் அடிக்காமல் லொறி ஓட்டியவர் ஒன்றில் மிக மெதுவாக வந்திருக்க வேண்டும், அல்லது மாட்டை அடித்திருக்க வேண்டும்.

23ஐயும் பார்த்து முடிக்க இரண்டு பின்னேரம் போனது. பதினைந்து, மாடும் நாயும். ஐந்து, கிறவல் றோட்டுக் கிடங்கில் விழுந்த குலுக்கத்தைக் கருவி பிரேக் என்று எழுதியவை. மீதி மூன்றையும் அவரே காட்டினார்: "இது என்ரை பிழை."

ஒரு அலாரமும் இல்லாமல் பாராட்டு வாங்கிய பொடியனோ பகலில் ஏ9இல் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் மட்டும் ஓடுபவன். அவனையும் குறை சொல்ல முடியாது. இருவரையும் ஒரே பட்டியலில் போட்டது நான்தான். இப்போது நூறு கிலோமீற்றருக்கு எத்தனை என்று பார்க்கிறோம். அதுவும் ஒரே வீதியில், ஒரே நேரத்தில் ஓடுபவர்களுக்குள். வெற்று லொறியையும் பாரம் ஏற்றியதையும் கலப்பதில்லை. சாரதி பக்கத்தில் இருந்து வீடியோ பார்க்காமல் ஒரு சதமும் வெட்டுவதில்லை.

எல்லாரும் இதில் தப்பவில்லை. ஒருவரின் வீடியோக்களில் திரும்பத் திரும்ப முன்னால் போகும் பஸ்ஸின் பின் கண்ணாடி திரை முழுக்க நின்றது. மாட்டைச் சாட்ட அவருக்கு வழியில்லை. பேசாமல் எழுந்து போனார்.

உள்பக்கக் கமெரா வேறு கதை. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வண்டியை எடுத்தவர், போகிற போக்கில் இன்னொரு தரம் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். 'கைபேசிப் பாவனை' என்று எழுதிவிட்டது. சிரித்தோம். ஆனால் போர்க்கால ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றிய காலத்துச் சாரதிகளுக்கு, முகத்துக்கு நேரே ஒரு கண் இருப்பதும் பேச்சைப் பதிவதும் சிரிப்பில்லை. பலர் அதன்மேல் கைலேஞ்சி தொங்கவிட்டார்கள்.

உள்ளே ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னேன். வெட்டிய படியையும் அடுத்த சம்பளத்தோடு கொடுத்தோம். கைலேஞ்சிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு இன்னும் தொங்குகின்றன, ஒன்று அந்த மூத்த சாரதியுடையது.