கூரையின் எந்த உயரம்?

நகரங்களுக்கு முப்பரிமாண வரைபடம் தயாரிக்கும் வேலையில் என் பங்கு பெரும்பாலும் கழிப்பதுதான். வான்வழிப் படங்களிலிருந்து உருவாக்கிய மாடலில் ஒரே கட்டடத்தின் பரப்பே ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனதாக இருக்கும். நகரம் முழுவதையும் அப்படியே பிரவுசரில் ஏற்ற முடியாது. முக்கோணங்கள் குறைய வேண்டும், கட்டடமும் கெடக்கூடாது.

குறைப்பதற்கு நல்ல வழிமுறைகள் இருக்கின்றன. மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பர்ட்டும் 1997இல் வெளியிட்ட முறை இன்றும் பல மென்பொருள்களில் ஓடுகிறது. முக்கோணங்களின் இரண்டு முனைகளை ஒன்றாக்கினால் சுற்றியுள்ள முக்கோணப் பரப்புகளிலிருந்து எவ்வளவு விலகல் வரும் என்று கணக்கிட்டு, விலகல் குறைந்த இடத்திலிருந்து இணைத்துக்கொண்டே போகும். சிலைக்கும் மலைக்கும் அருமையான முறை அது. ஆனால் எது சுவர், எது கூரை என்று அதற்குத் தெரியாது. அளவுக்கு மீறிக் குறைத்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மூலை மழுங்கும், நேர்ச்சுவர் லேசாகச் சாயும். மலையில் யாரும் கவனிக்காத சாய்வு, சுவரில் உடனே கண்ணில் படும்.

அதனால் கட்டடத்தைச் சுவர், கூரை, அடித்தளம் என்று பிரித்தறிந்தே எளிமைப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. நகரங்களின் முப்பரிமாண மாடல்களைச் சேமிக்க 2008இல் சர்வதேசத் தரமாக வந்த சிட்டிஜிஎம்எல் வடிவம் இதற்குப் படிநிலைகள் வகுத்துக் கொடுத்தது. எல்ஓடி (விவர அளவு) 1 என்றால் தட்டையான மேற்புறம் கொண்ட பெட்டி. 2இல் கூரையின் வடிவம் வரும், 3இல் கதவு, ஜன்னல்கள் வரும். பார்க்க எளிதாக இருப்பது பெட்டிதான். அதிகம் யோசிக்க வைப்பதும் அதுதான்.

இரு பக்கமும் சரியும் கூரையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 8 மீட்டர், கூரையின் தாழ்ந்த விளிம்பு 6 மீட்டர் உயரத்தில், முகடு 10 மீட்டரில். இதைப் பெட்டியாக்க எந்த உயரத்தை எடுப்பது? நடுவில் 8 என்று வைத்தால் கன அளவு அச்சாகப் பொருந்தும். வீட்டைச் சூடாக்க ஆகும் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிடுபவருக்கு அது போதும். நிழலைக் கணக்கிட வருபவருக்கு அதே பெட்டி பொய் சொல்லும். சூரியன் 45 டிகிரியில் நின்று, ஒளி முகட்டுக்குக் குறுக்காக விழும்போது, உண்மை வீட்டின் நிழல் சுவரிலிருந்து 6 மீட்டர் வரைதான் நீளும். பெட்டியின் நிழலோ 8 மீட்டர். ஒளி முகட்டின் போக்கிலேயே விழுந்தால் முகட்டு நுனியின் நிழல் 10 மீட்டர் எட்டும், பெட்டி அப்போதும் 8 என்றே காட்டும். ஒரு பக்கம் 2 மீட்டர் கூடுதல், மறுபக்கம் 2 மீட்டர் குறைவு. சோலார் பேனலுக்கு இடம் பார்ப்பவருக்கோ சரிவே இல்லாத இந்தக் கூரையால் பயனே இல்லை.

இதனால்தான் வேலை வந்ததும் எத்தனை முக்கோணம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறேன். ‘சும்மா பார்க்கத்தான்’ என்று பதில் வந்தால் நிம்மதி. ஜன்னல்களை டெக்ஸ்சரிலேயே, அதாவது சுவர்மேல் ஒட்டும் படத்திலேயே, விட்டுவிடலாம்.

வெள்ளக் கணக்கீட்டுக்கு என்றால் கூரையைப் பற்றிக் கவலையில்லை; ஒட்டி நிற்கும் வீடுகளைப் பற்றித்தான் கவலை. பொதுச்சுவர் உள்ள இரண்டு வீடுகளைத் தனித்தனியாக எளிமைப்படுத்தினால் இரண்டும் வெவ்வேறு பக்கம் நகர்ந்து, நடுவில் சில சென்டிமீட்டர் இடைவெளி விழும். திரையில் அது தெரியாது. நுணுக்கமான கணக்கீட்டில் அந்த இல்லாத சந்து வழியே தண்ணீர் ஓடும். வரிசை வீடுகளை ஒரே தொகுப்பாக எடுத்து, பொதுச்சுவரை இரண்டுக்கும் ஒன்றாக நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட வேண்டும்.

நெதர்லாந்து முழுவதன் கட்டடங்களையும் முப்பரிமாணத்தில் தரும் 3டி பேக் தரவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. சுமார் ஒரு கோடி கட்டடங்கள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று படிநிலைகள்; கூரை உயரத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்காமல் குறைந்தபட்சம், இடைநிலை, அதிகபட்சம் என்று பிரித்தே தருகிறார்கள். எனக்கு வரும் கோப்புகள் பலவற்றில் ‘உயரம்’ என்று ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. விளிம்பா, முகடா, நடுவா என்று கோப்பை அனுப்பியவரிடம் எழுதிக் கேட்காமல் நான் அதைத் தொடுவதில்லை.